மைனஸ் நாற்பத்தைந்தில் எரிந்த ஹீட்டர்

பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, டமராக் பார்க்குக்குத் திரும்பும் பனிச்சாலையில் மஞ்சள் கோட்டு போட்ட ஒரு பெண் ‘நில்’ என்று எழுதிய பலகையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாலையில் எந்த வேலையும் நடக்கவில்லை. முன்னும் பின்னும் நாற்பது கிலோமீட்டருக்கு வேறு வண்டியும் இல்லை. ஆனாலும் கேஸ் லாரி நின்றது. அதை ஓட்டி வந்த அக்னஸ் தீஸன் பலகைக்கு மரியாதை கொடுக்கிறவர்.

அக்னஸுக்கு அறுபத்தொரு வயது. கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தின் வட கோடியில், டமராக் மாதிரியான பார்க்குகளில் நிறுத்திய, சக்கரம் வைத்த வீடுகளில் குளிர்காலத்தைத் தள்ளுகிறவர்களுக்கெல்லாம் புரொப்பேன் நிரப்பிக் கொடுப்பது முப்பத்தொரு வருட வேலை. ஒரு வீட்டில் எவ்வளவு கேஸ் எரிகிறது என்று தெரிந்துவிட்டால், அந்த வீட்டில் யார் எப்போது எழுகிறார், யாருக்கு யார்மேல் கோபம், எப்போது சமாதானம் என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும் என்பது அவர் கருத்து. இந்தக் கருத்தை வைத்துக்கொண்டு, காணாமல் போன ஒரு நாயையும் ஒரு கல்யாண மோதிரத்தையும் ஒரு கணவரையும் இதுவரை கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார். கணவரை வாங்கிக்கொள்ளத்தான் யாரும் வரவில்லை.

பலகை பிடித்த பெண் டார்லா கார்டினல். நெடுஞ்சாலை வேலைகளில் வண்டிகளை நிறுத்தி அனுப்புவது அவளுடைய தொழில். லாரிக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். கண்ணிமையில் பனி ஒட்டியிருந்தது.

“ஆன்ட்டி, மத்தியானம் பன்னெண்டு மணிக்கு என்னை வெளிய தள்றாங்க.”

“யாரு?”

“பார்க் ஓனர் பெர்னிஸ்தான். நான் கேஸ் சிலிண்டர் திருடினேனாம். டிராக்டரை வச்சு என் வண்டிய ரோட்டோரம் இழுத்து விட்டுருவாங்களாம். அக்டோபர்லயே என் எஞ்சின் செத்துப் போச்சு. எங்க போவேன்? ரோட்டுல கரண்ட் ஏது? கரண்ட் இல்லாம ஹீட்டர் ஃபேன் சுத்தாது. இந்தக் குளிர்ல நானும் பூனையும் ஒரு ராத்திரி தாங்க மாட்டோம் ஆன்ட்டி.”

அக்னஸ் வெப்பமானியைப் பார்த்தார். மைனஸ் முப்பத்தெட்டு. “திருடினியா?”

“இல்ல.”

“சரி.” லாரி நகர்ந்தது.

பார்க் வாசலிலேயே வில்ஃப் லாபுக்கான் ஓடி வந்தார். பார்க்கின் பொதுக்கூடத்தில் துணி துவைக்கும் மெஷின்களையும் விறகு அடுப்பையும் கவனித்துக்கொள்வது அவர் பொறுப்பு. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அக்னஸ் வரும்போதெல்லாம் கேட்காமலே கேஸ் குழாயை இழுத்துக் கொடுப்பார். கேட்காமலே துப்பும் துலக்குவார்.

“அக்னஸ்! எதையும் தொட்டுராதீங்க. நான் விசாரிச்சு முடிச்சுட்டேன். பேய்தான்!”

“எந்தப் பேய்?”

“நம்ம ஆம்ப்ரோஸ்!”

ஆம்ப்ரோஸ் கீப்பிங் கிழக்குக் கடலோர நியூஃபவுண்ட்லாந்துக்காரர், வெல்டர். நவம்பரில் வேலையிடத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். உடலை விமானத்தில் ஊருக்கு அனுப்பினார்கள். வண்டி மட்டும் பதினான்காம் எண் இடத்தில், வசந்தத்தில் வரப்போகும் தங்கைக்காகக் காத்து நின்றது. கரண்ட் ஒயர் கம்பத்தோடு சேர்ந்து உறைந்துவிட்டதால் அதைக்கூடப் பிடுங்க முடியவில்லை.

“நிதானமா சொல்லு. நேத்து என்ன நடந்துச்சு?”

வில்ஃப் குரலைத் தாழ்த்தினார். பேய்க் கதைக்குக் குரலைத் தாழ்த்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

“நேத்து விடிகாலைல மைனஸ் நாப்பத்தஞ்சு. அஞ்சு மணி இருக்கும், என் ஹீட்டர் ஒரு பெருமூச்சு விட்டுச்சு, நின்னுபோச்சு. சிலிண்டரை ஆட்டிப் பாத்தேன். தளும்புது. அடுப்புல ஒரு பொட்டு கேஸ் வரல.”

இதில் அதிசயம் இல்லை. மைனஸ் நாற்பத்திரண்டுக்குக் கீழே போனால் புரொப்பேன் தண்ணீரைப் போல சிலிண்டருக்குள்ளேயே படுத்துவிடும். கேஸாக மேலே எழுந்து வராது. இருப்பு நிறைய இருக்கும், நெருப்பு இருக்காது. வடக்கில் பல சேமிப்புகள் இப்படித்தான்.

“பதினோரு வண்டியிலயும் அதே கதை. நான் ஒவ்வொரு கதவா இடிச்சு எல்லாரையும் கூடத்துக்கு இழுத்தேன், அங்க விறகு அடுப்பு இருக்கே. டார்லா மொதல்ல வந்தா, கோட்டுக்குள்ள பூனையோட. கடைசியா வந்தது பதிமூணாம் நம்பர் டெல்மர். அந்தக் கோலத்தைப் பாக்கணுமே! தொப்பிய மறந்துட்டு ஓடி வந்திருக்கார், தலைமுடி குச்சி குச்சியா, வெள்ளையா விறைச்சுக்கிட்டு, முள்ளம்பன்றி மாதிரி. அந்த நிலைமையிலயும் எல்லாரும் சிரிச்சுட்டோம்.”

“அப்புறம்?”

“அப்புறம் யாரோ ஜன்னல் வழியா பாத்தாங்க. சிரிப்பு நின்னுபோச்சு. ஆம்ப்ரோஸ் வண்டியோட ஹீட்டர் துவாரத்துலேர்ந்து வெண்புகை வந்துக்கிட்டிருக்கு. காத்தே இல்ல. நேரா, கயிறு கட்டித் தொங்க விட்ட மாதிரி நிக்குது. உயிரோட இருக்கிற பதினோரு பேர் வீட்ல நெருப்பு செத்துப்போச்சு, அக்னஸ். செத்தவர் வீட்ல எரியுது.”

தூரத்தில் ஒரு மரம் குளிரில் வெடித்தது. துப்பாக்கிச் சத்தம் போல இருந்தது. வில்ஃப் அக்னஸின் கையைப் பிடித்துக்கொண்டு, பிறகு விட்டார்.

“யாராவது போய்ப் பாத்தீங்களா?”

“யாரு போவா? எல்லாரும் வேற பக்கம் பாத்துக்கிட்டு நின்னோம். எட்டு மணிக்கு டெல்மர் மட்டும் தொப்பி எடுக்கணும்னு அவர் வண்டிக்குப் போயிட்டு வந்தார். அதுக்கப்புறம் வெளிச்சம் வந்துச்சு, புகையும் நின்னுடுச்சு. பேய்க்கு வெளிச்சம் ஆகாதில்ல? பகல்ல போய்ப் பாத்தா, வண்டியச் சுத்தி ஒரு காலடி கிடையாது. டெல்மர்தான் அந்தப் பக்கம் பனியக் கிளறி சிலிண்டரைக் கண்டுபிடிச்சார்.”

“பெர்னிஸோட சிலிண்டர் கூண்டுலேர்ந்து ஆறு வாரத்துல நாலு காணாமப் போச்சு ஆன்ட்டி” என்றாள் டார்லா. “மூணு காலியா என் வண்டிப் பக்கத்துல கெடக்கு. நான்தான் ஆம்ப்ரோஸ் வண்டிக்குக் குழாய் போட்டு, சூடு பண்ணிக் குடியிருக்கேன்னு டெல்மர் சொல்றார்.”

“நீ பக்கத்து வண்டி. எதாவது கேட்டியா?”

டார்லா தயங்கினாள். “விடியறதுக்கு முன்னாடி உள்ள யாரோ கப்புல கலக்குவாங்க. கலக்கி முடிச்சுட்டு கரண்டியால விளிம்புல மூணு தட்டு. டிங், டிங், டிங். ஆறு வாரமா.”

வில்ஃப் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

“பயமா இல்லையா உனக்கு?”

“மொதல்ல இருந்துச்சு. அப்புறம்…” டார்லா கையுறையைச் சரிசெய்தாள். “அப்புறம் பழகிப்போச்சு.”

மூன்று வண்டிகளும் ஒரே வரிசையில், ஒரே திசை பார்த்து நின்றன. வலது ஓரம் பதின்மூன்றாம் எண், டெல்மர் ஓஸ்ட்பியுடையது. நடுவில் ஆம்ப்ரோஸ். இடது ஓரம் டார்லா. மேலே சூரியனுக்கு இருபுறமும் உறைந்த பனித்துகளில் பொய்ச் சூரியன் இரண்டு முளைத்து, மூன்றும் சேர்ந்து ஒன்றுக்கும் உதவாமல் காய்ந்துகொண்டிருந்தன. பேசினால் மூச்சு உறைந்து காதருகே சரசரவென்று உதிர்ந்தது. யாரோ பின்னால் நின்று கிசுகிசுப்பது போல.

அக்னஸ் முதலில் கூரைகளைப் பார்த்தார். டார்லாவின் கூரையில் பனி குறைவு, ஓரத்தில் பனிக்கூர்கள் தொங்கின. உள்ளே ஆள் வாழும் வண்டி அப்படித்தான் இருக்கும். ஆம்ப்ரோஸின் கூரையும் அப்படியே இருந்தது. மூன்று மாதமாக ஆளில்லாத கூரையில் பனியே இல்லை. கூர்கள் கை நீளத்துக்குத் தொங்கின. டெல்மரின் கூரையில் மட்டும் முழங்கால் உயரத்துக்குப் பனி, ஒரு கீறல் இல்லாமல், மெத்தை விரித்தது போல் கிடந்தது.

“ரசிக்கிறியா அக்னஸ்?” என்று குரல் வந்தது. டெல்மர் ஓஸ்ட்பிதான். வயது அறுபத்தொன்பது. பார்க்கில் அவருக்குக் குளிர்ப் பேராசிரியர் என்று பெயர். ஒவ்வொரு நவம்பரும் புதிதாக வருகிறவர்களைக் கூடத்தில் உட்கார வைத்து, குறைந்த கேஸில் குளிரை வெல்வது எப்படி என்று இரண்டு மணி நேரம் பாடம் எடுப்பார். கூடத்துச் சுவரில் ஒரு பலகை உண்டு. குளிர்காலம் முழுவதிலும் யார் குறைவாக கேஸ் எரிக்கிறாரோ அவர் பெயர் அதில் ஏறும், பொன்வண்ணம் பூசிய பழைய சிலிண்டர் ஒன்றும் பரிசாகக் கிடைக்கும். நான்கு வருடமாக ஒரே பெயர்தான் ஏறியிருந்தது.

“கூரைப் பனி உருகலைன்னா என்ன அர்த்தம்? சூடு வெளிய போகலைன்னு அர்த்தம். இதை எத்தனை தடவ சொன்னாலும் இந்தப் பசங்களுக்கு ஏறாது.”

“இந்தப் பனிச்சுவர்?” டெல்மரின் வண்டிக்கும் ஆம்ப்ரோஸின் வண்டிக்கும் நடுவில் கூரை மட்டத்துக்குப் பனி குவிந்திருந்தது. ஆம்ப்ரோஸின் வாசல் கதவு அதற்குள் புதைந்திருந்தது.

“நான்தான் பெர்னிஸ்கிட்டச் சொல்லி இங்க தள்ளச் சொன்னேன். பனிதான்யா போர்வை! வெளிய மைனஸ் அம்பது ஆனாலும் இதுக்கு அடியில மைனஸ் பத்தைத் தாண்டாது. எலி என்ன ஹீட்டர் வச்சா பொழைக்குது?”

“நல்ல பாடம். உங்க டேங்க்ல நிரப்பணுமா?”

“எதுக்கு? மூணு வாரமா முள்ளு அசையல.” டெல்மர் நெஞ்சை நிமிர்த்தினார். பிறகு வில்ஃப் ஏதோ பேய் என்று முனகியதும் அவர் முகம் சட்டென்று சாம்பலானது. “அந்தப் பேச்ச விடு வில்ஃப். நல்லதில்ல” என்று சொல்லிவிட்டு வேகமாகக் கூடத்துக்கு நடந்தார்.

“பாத்தீங்களா? பேராசிரியரே நடுங்குறார்!” என்றார் வில்ஃப்.

அக்னஸ் ஆம்ப்ரோஸின் வண்டியைச் சுற்றி டார்லாவின் பக்கம் வந்தார். நேற்று பலர் வந்து மிதித்திருந்தாலும் சிலிண்டர்கள் கிடந்த இடத்தை யாரும் கலைக்கவில்லை. மூன்றும் பனிக்குள் குத்திட்டு நின்றன. ஒன்று தலைகீழாக. அவற்றுக்கு நேர் மேலே ஆம்ப்ரோஸ் வண்டியின் பக்கவாட்டு ஜன்னல். கண்ணாடி முழுக்க உறைபனி பூத்திருந்தது. நடுவில் மட்டும் ஒரு வட்டம், ஒரு முகம் அளவுக்கு, தெளிவாக இருந்தது. யாரோ உள்ளிருந்து மூச்சு விட்டு, துடைத்து, வெளியே பார்த்த வட்டம்.

வில்ஃப் மெல்ல, “அக்னஸ், அது நம்மளையே பாக்குது” என்றார்.

“இப்ப பாக்கல. ஆள் கூடத்துக்குப் போயாச்சு.” அக்னஸ் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபது. “எல்லாரையும் கூட்டு. மண்வெட்டி ஒண்ணும் வேணும்.”

“பேயைத் தோண்டி எடுக்கவா?”

“அதுமாதிரிதான்.”

கூடத்தில் விறகு அடுப்பு எரிந்தது. வெளியே டிராக்டர் ஏற்கெனவே முடுக்கிவிடப்பட்டு நின்றது. இந்தக் குளிரில் அணைத்தால் மறுபடி எழாது. அதன் உறுமல் ஜன்னல் கண்ணாடியை அதிர வைத்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் டார்லா மடியிலிருந்த பூனையை இறுக்கிக்கொண்டாள். பார்க் உரிமையாளர் பெர்னிஸ் வாஸ்னி கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“அக்னஸ், எனக்கும் இது புடிச்சிருக்கா? திருடுனா வெளிய. அது சட்டம். இன்னிக்கு ஒருத்தரை விட்டா நாளைக்குக் கூண்டே இருக்காது.”

“யார் திருடுனாலும் அதே சட்டமா?”

“யாரா இருந்தாலும்.”

டெல்மர் காபியில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கி, கரண்டியை விளிம்பில் மூன்று முறை தட்டி வைத்துவிட்டு, “இதுல பேச என்ன இருக்கு? சிலிண்டர் யார் வாசல்ல கெடந்துச்சுன்னு ஊருக்கே தெரியும்” என்றார். டார்லாவின் கை பூனையின் முதுகில் அப்படியே நின்றது. அவள் முகத்தை அக்னஸ் பார்த்தார். கண்ணாலேயே ‘பொறு’ என்றார்.

“மொதல்ல பேய்லேர்ந்து ஆரம்பிப்போம்” என்றார் அக்னஸ். “வில்ஃப், செத்தவருக்கு ஹீட்டர் எதுக்கு?”

வில்ஃப் யோசித்தார். “பழக்க தோஷம்?”

“குளிருறவங்களுக்குத்தான் ஹீட்டர் வேணும். அதனால உள்ள இருந்தது உசுரோட இருக்கிற ஆள். சரி. நேத்து உங்க எல்லார் நெருப்பும் ஏன் நின்னுச்சு?”

“சிலிண்டர் வெளிய நின்னுச்சு, வெளிய மைனஸ் நாப்பத்தஞ்சு.”

“அப்ப ஆம்ப்ரோஸ் வண்டிக்குப் போன கேஸ் மட்டும் எப்படி எழும்புச்சு? அந்தச் சிலிண்டர் மைனஸ் நாப்பத்தஞ்சுல இல்ல. வேற எங்கயோ, கொஞ்சம் வெதுவெதுப்பா இருந்துச்சு. டார்லா குழாய் போட்டாள்னு சொல்றீங்க. அவ சிலிண்டர் பம்பர்மேல நிக்குது, நான்தான் நிரப்புறேன். அது செத்துத்தான் அவ பூனையத் தூக்கிக்கிட்டு மொதல் ஆளா ஓடி வந்தா. இந்தப் பார்க்குல இந்தக் கூடத்த விட்டா வெதுவெதுப்பான இடம் ஒண்ணே ஒண்ணுதான். இப்பதான் அதைப் பத்தி எனக்கு ஒரு பாடம் நடந்துச்சு. வெளிய மைனஸ் அம்பது ஆனாலும் அடியில மைனஸ் பத்தைத் தாண்டாதாம்.”

கூடத்திலிருந்த எல்லாருமே அந்தப் பாடத்தைக் கேட்டவர்கள். சிலர் குறிப்பும் எடுத்தவர்கள். தலைகள் மெல்ல டெல்மர் பக்கம் திரும்பின.

“பனியில யார் வேணா புதைக்கலாம்!” என்றார் டெல்மர்.

“வாஸ்தவம். ஆனா ஆம்ப்ரோஸ் வண்டியச் சுத்தி ஒரு காலடி இல்ல. அப்ப உள்ள போற வழி கண்ணுக்குத் தெரியற பனியில இல்ல, கண்ணுக்குத் தெரியாத பனியில இருக்கு. அவர் வாசல் கதவு உங்க பனிச்சுவருக்குள்ள இருக்கு. அந்தச் சுவரோட மறுபக்கம் உங்க டிரைவர் கதவு இருக்கு. பூட்டும் ஒரு பிரச்சினை இல்ல. பூட்டு உறைஞ்சா உள்ள மாட்டிக்குவோம்னு இங்க குளிர்காலத்துல ஒருத்தரும் பூட்டறதில்லையே.”

“நான் எதுக்கு அங்க போகணும்? என் வண்டியில என்ன குறை? கூரையப் பாத்தல்ல!”

“பாத்தேன். சூடு வெளிய போகாத கூரை ஒண்ணு உண்டு. உள்ள சூடே இல்லாத கூரையும் ஒண்ணு உண்டு. வெளியேர்ந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.”

யாரோ அடுப்பில் ஒரு கட்டையைப் போட மறந்து கையிலேயே வைத்திருந்தார்கள்.

“உங்க தலைமுடிய வச்சு சொல்றேன். நேத்து முள்ளம்பன்றி மாதிரி விறைச்சு நின்னுச்சாம். தொப்பி இல்லாம வந்தா காதுதான் உறையும். முடி குச்சியா நிக்கணும்னா அது ஈரமா இருந்திருக்கணும். நேத்து காலைல இந்தப் பார்க்குல யார் வண்டியில தண்ணி ஓடுச்சு?”

“எங்கயும் ஓடல. எல்லா பைப்பும் இறுகிப்போச்சு” என்றார் பெர்னிஸ் மெதுவாக.

“ஒருத்தர் மட்டும் பனிய உருக்கி, தலைக்கு வெந்நீர் ஊத்திக் குளிச்சுக்கிட்டு இருந்தார். வில்ஃப் வந்து கதவ இடிச்சதும், துவட்டக்கூட நேரமில்லாம, பனிச்சுவருக்குள்ள தோண்டி வச்ச சுரங்கம் வழியா தன் வண்டிக்கு ஓடி, அங்கேர்ந்து வெளிய வந்தார். அவசரத்துல ஹீட்டரை நிறுத்த மறந்துட்டார். தினமும் விடியறதுக்குள்ள நிறுத்துறவர். கூடத்து ஜன்னல்லேர்ந்து புகையப் பாத்ததும்தான் ஞாபகம் வந்துச்சு. எட்டு மணிக்குத் தொப்பி எடுக்கப் போனார். புகை நின்னுச்சு. வெளிச்சத்துக்கு பயந்து நிக்கல வில்ஃப், சுவிட்ச தட்டினதால நின்னுச்சு.”

“சிலிண்டர்?” என்றார் வில்ஃப். பேய் கைவிட்டுப் போன துக்கம் குரலில் இருந்தது.

“கையால கொண்டுவந்து வச்ச சிலிண்டர் நிமிர்ந்து நிக்கும், பக்கத்துல காலடி இருக்கும். அது மூணும் மேலேர்ந்து குத்தி நிக்குது, நேர் மேல ஜன்னல். காலியானதைச் சொந்த வாசல் வழியா தூக்கிட்டுப் போனா ஊரே பாக்கும். அதனால ஜன்னல் வழியா போட்டார். ஒவ்வொண்ணையும் அடுத்த பனி மூடிருச்சு. அந்த வட்டமும் அதுக்குத்தான். போடறதுக்கு முன்னாடி ஆள் நடமாட்டம் இருக்கான்னு பாக்கணுமே. நேத்து எல்லாரும் புகையப் பாத்துட்டாங்க. இனி யாராவது ஒருத்தர் எரிச்சதா ஆகணும். அதனால தான் போட்டதைத் தானே கண்டுபிடிச்சார். மூணு காலி வெளிய இருக்கு. நாலாவது சுவருக்குள்ள இருக்கும். மண்வெட்டி இதோ.”

மண்வெட்டிக்கு வேலை அதிகம் இல்லை. வில்ஃப் நான்கு முறை குத்தியதும் பனிச்சுவர் உள்ளே சரிந்தது. ஓர் ஆள் குனிந்து போகும் அளவுக்குச் சுரங்கம், இரு கதவுகளுக்கும் இடையே. தரையில் பழைய கம்பளம்கூட விரித்திருந்தது. அதன் ஓரத்தில், பனியில் கழுத்துவரை புதைத்த சிலிண்டர். அதை வெளியே இழுத்தபோது, கேஸ் குறைந்த மட்டத்தில் அதன் உடம்பைச் சுற்றி உறைபனி ஒரு கோடு போட்டிருந்தது.

மறுபடி கூடத்துக்கு வந்தபோது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். டெல்மர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

“நாலு வருஷம் நெசமாவே ஜெயிச்சேன்” என்றார். “அதை மட்டும் நம்புங்க. இந்த வருஷம் எலும்புக்குள்ள பூந்துருச்சு. ராத்திரி பூரா பல்லு அடிச்சுக்கும். ஹீட்டரைக் கூட்டலாம்தான். பலகையில வேற பேர் ஏறிடும். இத்தனை பேருக்குப் பாடம் எடுத்தவன், எனக்குக் குளிருதுன்னு எந்த வாயால சொல்றது?”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும்.

“அவளுக்கு மட்டும் குளிராதா, டெல்மர்?” என்றார் அக்னஸ். அந்தக் கூடத்தில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. இப்போதும் உயரவில்லை.

பெர்னிஸ் கட்டியிருந்த கையைப் பிரித்தார். “சட்டம்னு சொன்னேன். யாரா இருந்தாலும்னும் சொன்னேன். டிராக்டர் நிக்குது.” பிறகு டார்லாவைப் பார்த்தார். பார்ப்பதற்கு அவருக்குக் கூச்சமாக இருந்தது. “உன்னைத்தான் தள்ள இருந்தோம். நீயே சொல்லு.”

டார்லா ஜன்னல் வழியே டிராக்டரைப் பார்த்தாள். டிராக்டர் உறுமியது. டெல்மர் எழுந்து கோட்டுப் பொத்தான்களைப் போட ஆரம்பித்தார். மூன்றாவது பொத்தானில் நின்றுவிட்டார்.

“அக்னஸ், ஒண்ணு மட்டும் சொல்லிரு. நீ எல்லாத்துக்கும் காரணம் சொன்ன. ஆனா அங்க நெசமாவே இன்னொருத்தர் இருக்காங்க.”

“யாரு?”

“நான் காலைல காபி கலக்கித் தட்டுவேன். பழக்கம். உடனே சுவருக்குள்ளேர்ந்து பதில் வரும். மூணு தட்டு. நான் தட்டுற மாதிரியே. மொத நாள் கப்பைக் கீழ போட்டுட்டேன். ஆம்ப்ரோஸ்தான் கூப்புடுறார்னு நெனச்சேன். ஒவ்வொரு நாளும் போகவே கூடாதுன்னு நெனப்பேன். குளிர் தாங்காது, போயிருவேன். ஒரு மாசமா, தினமும். அது யாரு?”

வில்ஃப் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அக்னஸ்கூட இதைக் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

டார்லா மேஜையிலிருந்த டெல்மரின் கரண்டியை எடுத்தாள். அவருடைய காபிக் கோப்பையின் விளிம்பில் தட்டினாள்.

டிங், டிங், டிங்.

“ஆம்ப்ரோஸ்னு நானும் நெனச்சேன்” என்றாள். “செத்தப்புறமும் தனியா காபி குடிக்கிறாரே, பாவம்னு பதில் சொன்னேன்.”

டெல்மர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். டார்லா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“பெர்னிஸ், டிராக்டரை ஷெட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்க. புகை உள்ள வருது, பூனைக்கு ஆகாது.” பிறகு, டெல்மரைப் பார்க்காமலே, “பேராசிரியர் இன்னிக்கு அவர் வண்டியிலயே ஹீட்டரைப் போடட்டும். ஊர் பூரா பாக்குற மாதிரி” என்றாள்.

அன்று மாலை ஐந்து மணிக்கு, சூரியன் சிவந்து இறங்கும் நேரத்தில், டெல்மரின் கூரையிலிருந்த முழங்கால் பனி மொத்தமும் ஒரே சரிவாகத் தரையில் விழுந்தது. வில்ஃப் ‘பேய்!’ என்று கத்திக்கொண்டு முதல் ஆளாக ஓடினார். பலகையில் இந்த வருடத்துப் பெயர் காலியாகவே விடப்பட்டது. பொன்வண்ணச் சிலிண்டரில் வில்ஃப் விளக்குமாறு வைத்துக்கொண்டார்.

டெல்மர் மறுநாள் விடியுமுன் தன் வண்டியில் காபி கலக்கி, விளிம்பில் மூன்று முறை தட்டிவிட்டுக் காத்திருந்தார். பதில் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாளும் இல்லை. நான்காம் நாள் காற்று அசையவில்லை. ஊசி விழுந்தால் அடுத்த வண்டிக்குக் கேட்கும் குளிர். அவர் தட்டினார். வெகு நேரம் கழித்து, டார்லாவின் வண்டியிலிருந்து மெல்ல மூன்று தட்டு வந்தது.

இரண்டுக்கும் நடுவில் ஆம்ப்ரோஸின் வண்டி, புகையின்றி, இருட்டாக நின்று கேட்டுக்கொண்டிருந்தது.